ரத்தம் சரியில்லை

ஆறு பேர் நாங்கள், முப்பது இருக்கைகள்.
குளிர்சாதனம் பிணவறைக்கு ஒத்திகை பார்த்தது.
வாசலில் கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு
ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள்,
நுனியில் சின்ன விளக்கு எரிகிற பேனா,
இருட்டில் எழுத.

முதல் கொலை ஒன்பதாம் நிமிடம்.
தோட்டக் கத்தரி.
ஒரு கோடு போட்டேன்.
நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமாகப்
பதினொன்று வரை வந்தது என் கணக்கு.
பன்னிரண்டு என்றார் திரு ஓங்.
மின்தூக்கிக்குள் நடந்ததைக்
கண்ணை மூடித் தவறவிட்டிருக்கிறேன்.

பகலில் நான் பல் மருத்துவரின் உதவியாள்.
பத்தொன்பது வருடமாகப்
பிறர் வாயிலிருந்து ரத்தம் உறிஞ்சுகிறேன்.
அது இப்படிச் சுவரில் பீய்ச்சாது.
எச்சிலோடு கலந்து
பண்டோங் நிறத்தில் குழாய்க்குள் ஓடும்.
திரையில் வழிந்ததோ கெட்டிச் சாயம்.
தலை பிளந்து கிடந்தவனுக்குப்
பல் மட்டும் வெள்ளை வெளேரென்று, ஒரு கறைகூட இல்லை.
சிரித்துவிட்டேன்.
செல்வின் திரும்பிப் பார்த்தார். ஆசிரியர்;
பின்வரிசையில் சிரிப்பவர்களை அவருக்குத் தெரியும்.

பிறகு ஒரு காட்சி. ரத்தமே இல்லை.
கட்டிலடியில் ஒரு சிறுமி
தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.
நடந்து வந்த காலணிகள் நிற்கின்றன.
நிற்கின்றன.
அவ்வளவுதான்.
எனக்கு உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்கியது.

விளக்கைப் போட்டார்கள்.
படிவத்தில் கட்டங்கள்:
வன்முறை, ஆபாசம், வசை, போதை,
எத்தனை முறை, எவ்வளவு நேரம்.
நிற்கிற காலணிகளுக்குக் கட்டம் இல்லை.

கறிபஃப் வந்தது, சிவப்புச் சாஸோடு.
திரு ஓங் மட்டும் தொட்டுச் சாப்பிட்டார்.

"பதினாறு போதும்," என்றார் ருஹையா.
"என் பையன்கள் இதைவிட மோசமானதைப்
பேருந்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்."
"பதினெட்டு," என்றார் செல்வின்.

பதினெட்டில்தான் தலையை மழித்துத்
தெக்கோங் தீவுக்குப் படகேற்றிப்
பையன்கள் கையில் துப்பாக்கி கொடுக்கிறோம்.
அதற்குள் சாயத்தையாவது பார்த்துப் பழகட்டும் என்பதா,
அதுவரையாவது பார்க்காமல் இருக்கட்டும் என்பதா,
அவர் சொல்லவில்லை.

எனக்கு வேறொன்று ஓடியது.
ஷாமினிக்கு அப்போது ஒன்பது வயது.
பள்ளி விட்டு வருகிறோம், அவள் கையில் ஐஸ்.
புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்குக் கீழே
தபால் பெட்டிகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே
நீலக் கூடாரம்.
நாலு போலீஸ், ஒரு வாளித் தண்ணீர்.
"அம்மா, யாரு கேம்ப் போட்டிருக்கா?"
"யாரோ," என்றேன்.
கூடாரத்துக்கு வெளியே ஒற்றைச் செருப்பு கிடந்தது.
அவளும் பார்த்தாள்.
அவளுக்கு என்ன வயது என்று
அங்கே யாரும் கேட்கவில்லை.

இப்போது பதினாறு.
பேய்ப்படமோ கொலைப்படமோ
பாப்கார்ன் சிந்தச் சிந்தச் சிரிப்பாள்.
தபால் பெட்டிப் பக்கம் மட்டும் போகமாட்டாள்.
குப்பைத்தொட்டி வழியாகச் சுற்றிப்போய்
மின்தூக்கி ஏறுவாள்.
ஏழு வருடமாகக் கடிதங்களை நான்தான் எடுக்கிறேன்.
இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

பரிந்துரைக்கும் வயது: பதினெட்டு.
காரணம் என்ற இடத்தில்
ரத்தம் என்று தொடங்கி, அடித்துவிட்டு,
காலணிகள் என்று எழுதினேன்.
அதிகாரிப் பெண் வாங்கிப் படித்து
எந்தக் காட்சி என்று கேட்டார்.
சொன்னேன்.
"அதில் ஒன்றுமே நடக்கவில்லையே," என்றார்.

வீட்டில் ஷாமினி கேட்டாள், படம் எப்படி?
"ரத்தம் சரியில்லை."
"உனக்கு எப்பப் பார்த்தாலும் பல்லுதான்," என்று சிரித்தாள்.
நான் கீழே போய்ச்
சின்னச் சாவியைத் திருப்பித்
தண்ணீர் பில்லை எடுத்துவந்தேன்.